என்.சி.சி. விருப்பப் பாடத்துக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

தேசிய மாணவர் படைப் (என்.சி.சி.) பயிற்சியை விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு துணைவேந்தர்களுக்கு எழுதியது. அதிலிருந்து அந்தப் பயிற்சி இரண்டு கணக்குகளில் வரவு வைக்கப்படுகிறது: கல்லூரியின் என்.சி.சி. பிரிவை மேற்பார்க்கும் பட்டாலியன் கணக்கில் ஒன்று, கல்லூரித் தேர்வுத் துறையின் கணக்கில் மற்றொன்று. படை நடத்தும் தேர்வுகளில் தேறியவருக்குத் தரும் 'பி', 'சி' சான்றிதழ்களோடு நின்றுகொண்டிருந்த பயிற்சிக்கு, படையின் தலைமை இயக்குநரகம் வகுத்த திட்டப்படி ஆறு பருவங்களில் 24 கிரெடிட் (படித்த நேரத்துக்கு ஏற்பத் தரும் மதிப்பலகு) உண்டு. முதலாண்டுக்கு 4, இரண்டாம் ஆண்டுக்கு 10, மூன்றாம் ஆண்டுக்கு 10. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப் பாடத்திட்டத்தில் இது என்.சி.சி. மாணவர்களுக்கு மட்டுமான பாடம். பெறும் கிரேடு மதிப்பெண் பட்டியலில் பதிவாகும், ஆனால் சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்தக் கிரேடுச் சராசரி) கணக்கில் சேராது. ஆகவே உங்கள் கல்லூரியில் இந்தப் பாடத்தின் கிரேடு சராசரியில் சேருமா, சேராதா என்பதை விதிமுறைப் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். சேரும் என்றால், நீங்கள் இடும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாணவரின் தர வரிசையை மாற்றும். அதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தாக வேண்டும்.

இந்த வழிகாட்டி, பாடத்தை நடத்தும் கல்லூரி ஆசிரியரான இணை என்.சி.சி. அலுவலருக்காகவும் (வழக்கில் ஏ.என்.ஓ.), அதன் மதிப்பீட்டு முறைக்கு ஒப்புதல் தரும் பாடத்திட்டக் குழு உறுப்பினருக்காகவும் எழுதப்படுகிறது. நான் இந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பருவத்தில் என் கையில் இருந்தது வருகைப்பதிவேடு ஒன்றுதான். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தாறு பேருக்கு உச்ச கிரேடு போட்டு அனுப்பிவிட்டேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்னை அழைத்து, "சார், இது மதிப்பீடா, வருகைப்பதிவா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒரு தாள்கூட இருக்கவில்லை.

சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் தேடும் குறுக்குவழி, சான்றிதழ்த் தேர்வில் கிடைத்த கிரேடை அப்படியே பருவ மதிப்பெண்ணாக மாற்றிவிடுவது. இதைச் செய்யக் கூடாது என்பதற்கு முதற்காரணம் காலம். 'பி' சான்றிதழ்த் தேர்வு இரண்டாம் ஆண்டின் முடிவில் வருகிறது, 'சி' சான்றிதழ்த் தேர்வு மூன்றாம் ஆண்டின் முடிவில். கல்லூரிக்கோ பருவத்துக்குப் பருவம் மதிப்பெண் வேண்டும். சான்றிதழ் முடிவுக்காகக் காத்திருந்தால், பாவம், மற்றப் பாடங்களின் முடிவுகள் வெளியான பிறகும் என்.சி.சி. மாணவரின் பட்டியலில் மட்டும் ஒரு கட்டம் காலியாகக் கிடக்கும். இரண்டாவது காரணம் நோக்கம். சான்றிதழ்த் தேர்வு, 75 சதவீத வருகையும் முகாமும் முடித்த ஒருவர் படை நிர்ணயித்த அடிப்படைத் தகுதியை எட்டினாரா என்று ஒரு முறை பார்த்துச் சொல்வது. கிரெடிட் என்பது இந்தப் பருவத்தில் இத்தனை மணி நேரத்தில் இவர் என்ன கற்றார் என்பதற்குக் கல்லூரி தரும் சாட்சியம். 'பி' கிரேடுக்குக் குறையாமல் 'சி' சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரி, எழுத்துத் தேர்வு இல்லாமலேயே நேராக எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத் தேர்வுக்குச் சென்று, அங்கே தேறினால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர வழி இருப்பதால், அந்தக் கிரேடுக்குத் தனி மதிப்பு உண்டு. அது பட்டாலியன் தரட்டும். நம் பதிவேட்டை நாம் தனியாக எழுத வேண்டும்.

யார் மதிப்பிடுவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அணிநடையையும் ஆயுதப் பயிற்சியையும் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் பட்டாலியனிலிருந்து வரும் ஹவில்தாரோ சுபேதாரோதான். ஆனால் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட வேண்டியவர் கல்லூரி ஆசிரியர். ஏ.என்.ஓ. காம்ப்டியிலோ குவாலியரிலோ உள்ள என்.சி.சி. பயிற்சி அகாடமியில் பயிற்சி பெற்று வந்தவர்தான் என்றாலும், மூன்றாண்டுகளாகத் தாமே வளர்த்த பிள்ளைகளைத் தாமே அளப்பது எளிதல்ல. என் அனுபவத்தில் நன்றாக நடந்த ஏற்பாடு இதுதான்: களத்தில் பயிற்றுநர் பார்த்துக் குறிப்பு எழுதுவார், ஏ.என்.ஓ. அந்தக் குறிப்புகளைத் தொகுத்து அகமதிப்பீட்டு மதிப்பெண் இடுவார், பருவ இறுதிச் செய்முறைத் தேர்வுக்குப் பக்கத்துக் கல்லூரி ஏ.என்.ஓ. ஒருவர் புறத் தேர்வாளராக வருவார். வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு நாம் செய்வதும் இதுதானே.

மணிக்கணக்கைச் சரிபார்த்தல்

பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "பரேடுக்கு எப்படி இத்தனை கிரெடிட்?" என்பது. அதற்குக் கோபப்படாமல் கணக்கில் பதில் சொல்லலாம். ஒரு பருவத்துக்கு 15 வாரம் என்று கொண்டால், வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், வாரம் இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்பது வழக்கமான அளவு. சனிக்கிழமைப் பரேடு மூன்று மணி நேரம் நடந்து, அதில் இரண்டு மணி நேரம் மைதானத்திலும் ஒரு மணி நேரம் வகுப்பறையிலும் கழிந்தால், ஒரு பருவத்துக்கு இரண்டு கிரெடிட் நியாயமாக வரும். ஆனால் திருவிழா விடுமுறை, மழை, பருவத் தேர்வு எல்லாம் போக, 15 சனிக்கிழமையும் கிடைத்த பருவம் எதையும் நான் கண்டதில்லை. பதினொன்றோ பன்னிரண்டோ கிடைக்கும். அந்தக் குறையை எந்த நாளில், எத்தனை மணி நேரம் நடத்தி ஈடு செய்தீர்கள் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும்.

முகாமுக்கு வருவோம். பத்து நாள் ஆண்டுப் பயிற்சி முகாமில் மாணவர் விடியற்காலை விசிலுக்கு எழுந்து இரவு விளக்கணைக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறார் என்பது உண்மைதான். அதற்காகப் பதினாறு மணி நேரத்தையும் கற்றல் நேரமாகக் காட்ட முடியாது. தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்பதும், ஒரே குழாயில் நாற்பது பேர் வாளி நிரப்புவதும் வாழ்க்கைப் பாடமாக இருக்கலாம், கிரெடிட் ஆகாது. முகாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் அன்றாடப் பயிற்சி அட்டவணையை நகலெடுத்து, அதில் பயிற்சி என்று குறிக்கப்பட்ட நேரத்தை மட்டும் கூட்டுங்கள். வந்து சேரும் நாளையும் கலைந்து போகும் நாளையும் கழித்து, எட்டு நாளுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் 56 மணி. இது இரண்டு செய்முறைக் கிரெடிட்டுக்குச் சற்றே குறைவு. இரு பருவப் பரேடுகளையும் ஒரு முகாமையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆறு கிரெடிட் வரை தடையின்றிச் சொல்லலாம். பத்து என்று அறிவித்த கல்லூரி, மீதி நான்குக்கு இன்னொரு முகாமையோ, மாணவர் வகுப்புக்கு வெளியே செய்த அளவிடத்தக்க வேலையையோ காட்டியாக வேண்டும். மாணவர் ஈட்டிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கல்விக் கிரெடிட் வங்கி வந்த பிறகு ஒரு கல்லூரி தந்த கிரெடிட்டை வேறொரு பல்கலைக்கழகமும் எடுத்துப் பார்க்கும் என்பதால், வெறுங்கணக்கு நெடுநாள் நிற்காது.

களத்தில் எதைப் பார்ப்பது

அணிநடையில் தொடங்குவோம், ஏனென்றால் மதிப்பெண் அதிகம் வீணாவது இங்கேதான். அணி அழகாக நடந்தால் எல்லாருக்கும் எட்டு, கலைந்தால் எல்லாருக்கும் ஐந்து என்று போடுகிற பழக்கம் பரவலாக உண்டு. அணியைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். ஆறு பேரை மட்டும் நிறுத்தி, மார்பில் எண் குத்தி, ஒருவர் முன்னாலிருந்தும் ஒருவர் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். 'சாவ்தான்' (நேராக நிற்கும்) நிலையில் குதிகால்கள் சேர்ந்து பாதங்கள் 30 பாகைக் கோணத்தில் விரிந்துள்ளனவா, மூடிய கையின் கட்டைவிரல் கால்சட்டைத் தையலை ஒட்டி முன்னோக்கி இருக்கிறதா, 'விஷ்ராம்' (தளர்ந்து நிற்கும்) நிலையில் பாதங்களுக்கிடையே 12 அங்குலம் இருக்கிறதா என்பவை கண்ணால் அளக்கத்தக்கவை. விரைநடை நிமிடத்துக்கு 120 அடி என்றால், கைபேசிக் கடிகாரத்தை வைத்து அரை நிமிடத்துக்கு எண்ணினால் 60 வர வேண்டும். 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) சொல்லும்போது கவனம் முழுவதும் கால்களில் இருக்கட்டும்: வலக்குதிகாலிலும் இடக்கால் நுனியிலும் சுழல வேண்டிய மாணவர் முழங்காலை மடக்கித் தடுமாறுவார், சமாளிக்க முழங்கை உடம்பை விட்டு விலகும். அந்த விலகும் முழங்கைதான் பயிற்சி போதவில்லை என்பதன் அடையாளம். குறிப்பில் "சுமார்" என்று எழுதாமல் "திரும்பும்போது இடமுழங்கை விலகுகிறது" என்று எழுதினால், அடுத்த வாரம் அந்த மாணவருக்கே அது பயன்படும்.

அடுத்தது கட்டளை கொடுக்கும் திறன். கட்டளைகள் இந்தியில் இருப்பதால், வீட்டில் அந்த மொழியின் வாடையே இல்லாத நம் மாணவர்கள் அவற்றை ஒலியாகவே கற்கிறார்கள். 'தாஹினே முட்' (வலப்புறம் திரும்பு) என்பதைத் தமிழ் நாக்கு எப்படி உச்சரிக்கிறது என்பதற்கு மதிப்பெண் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை. பார்க்க வேண்டியவை மூன்று: எச்சரிக்கும் பகுதிக்கும் செயலுக்கான பகுதிக்கும் இடையே போதிய இடைவெளி விடுகிறாரா, எந்தக் கால் தரையில் படும்போது கட்டளை விழ வேண்டுமோ அந்தக் காலில் விழுகிறதா, கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேருகிறதா. மெல்லிய குரலுடைய மாணவிகள் முதல் மாதம் இதில் தடுமாறுவார்கள். அடிவயிற்றிலிருந்து குரலெடுக்கப் பழக்காமல் தேர்வு வைத்தால், அது உடலமைப்பை மதிப்பிட்டதாகிவிடும்.

வரைபடம் படித்தல் மற்றவற்றைவிடச் சுலபமாக நேர்மையாக மதிப்பிடத்தக்கது, ஏனெனில் விடை சரி அல்லது தவறு. 1:50,000 அளவுள்ள பயிற்சி வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வரைபடக் கட்டங்களைக் கொண்டு ஓர் இடத்தைக் குறிக்கும் ஆறிலக்கக் கட்ட எண் 100 மீட்டர் துல்லியத்தைத் தரும். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இடம் கொடுங்கள்: ஒருவருக்குக் கோயில் கோபுரம், ஒருவருக்கு ஏரிக்கரை மதகு, ஒருவருக்கு ரயில்வே கேட். கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு என்பதை மாற்றிப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அதைச் செய்தவர் வேறொரு ஊரில் போய் நிற்பார் என்பதால் மதிப்பெண் கிடையாது. கடைசி இலக்கம் ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். பிறகு மைதானத்துக்கு அழைத்துச் சென்று திசைகாட்டியைக் கையில் கொடுத்து, நிற்குமிடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பேரிங் (வடக்கிலிருந்து பாகையில் அளக்கும் திசைக் கோணம்) எடுக்கச் சொல்லுங்கள். 70 பாகை என்று எடுத்தால், தொட்டியிலிருந்து நம்மை நோக்கிய திரும்பு பேரிங் 250. ஒரு முறை ஒரு மாணவி மூன்று தடவை எடுத்தும் மூன்று வேறு எண்கள் சொன்னார். சட்டைப் பையில் கைபேசியும் பக்கத்தில் இரும்பு வேலியும் இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. தேர்வு வைக்கும் இடத்தை முதல் நாளே நீங்களே ஒரு முறை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

துப்பாக்கிச் சுடுதலில் ஒரு தவறான அளவுகோல் நெடுங்காலமாக நடமாடுகிறது: நடுப்புள்ளியை அடித்தவர் கெட்டிக்காரர் என்பது. 0.22 ரைபிளில் ஐந்து தோட்டாக்களைச் சுடும் தொகுப்புப் பயிற்சியில், துளைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதே கேள்வி. ஐந்தும் இலக்கின் இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்திருந்தால், அந்த மாணவரின் பிடிப்பும் மூச்சும் விசையை அழுத்திய விதமும் ஒரே சீராக இருந்தன. குறை துப்பாக்கியின் பார்வைக் குறியில் இருக்கலாம். ஒன்று நடுவிலும் நான்கு நாற்புறமும் சிதறியிருந்தால், அந்த நடுத்துளை தற்செயல். எனவே மிகத் தொலைவில் விழுந்த இரண்டு துளைகளுக்கிடையே அளவுகோலை வைத்து அளந்து, அந்தச் சென்டிமீட்டரை இலக்குத் தாளிலேயே எழுதி, மாணவரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். பாதுகாப்புக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. குழல்முனை இலக்கைவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினால் அந்தத் தேர்வு அங்கேயே முடிந்தது. தோட்டாவும் சுடுதளமும் எல்லாப் பருவத்திலும் கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 20 மதிப்பெண்ணைப் பாடத்திட்டத்தில் எழுதிவிட்டு, பருவ இறுதியில் கையைப் பிசைவதைவிட, ஆயுதத்தைப் பிரித்துப் பூட்டுவதையும் சுடுதள ஒழுங்குகளையும் மாற்றுத் தேர்வாக முன்கூட்டியே எழுதி வைப்பது மேல்.

தலைமைப் பண்பும் தோள்பட்டையும்

மாணவர்களுக்குள் உயர்ந்த பதவியில் இருக்கும் சீனியர் அண்டர் ஆபீசருக்குத் தலைமைப் பண்பில் பத்துக்குப் பத்து, பதவி இல்லாத கேடட்டுக்கு (என்.சி.சி. மாணவருக்கு) ஆறு. இது தானாக நடந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பதவி கிடைத்ததால் தலைமை தாங்கும் வாய்ப்பு கிடைத்தது, வாய்ப்பு கிடைத்ததால் மதிப்பெண் கிடைத்தது என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். இதை உடைக்க, ஒவ்வொரு மாணவருக்கும் பருவத்தில் ஒரு முறை பத்து நிமிடம் ஒரு சிறு குழுவை, அதாவது ஒரு செக்‌ஷனைக் கையில் கொடுங்கள். இரண்டு மூங்கில் கழி, ஒரு போர்வை, ஒரு "காயம்பட்டவர்", ஐம்பது மீட்டர் தூரம்: தூக்குப்படுக்கை செய்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேலையைப் பங்கிட்டாரா, அல்லது எல்லாவற்றையும் தாமே செய்யப் போனாரா? தூக்குவதற்கு முன் போர்வை மடிப்பை இழுத்துப் பார்த்தாரா? "இது சரியா வராதுடா" என்று ஒருவன் சொன்னபோது காது கொடுத்தாரா? பேச்சே எடுக்காத முதலாண்டு மாணவன் ஒருவன், கழிகளில் ஒன்று கீறலோடு இருப்பதைப் பார்த்து முதலில் அதை மாற்றச் சொன்னான். அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் அவன் பெயருக்கு எதிரே வழக்கமான ஆறுதான் விழுந்திருக்கும்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படை எந்தச் சட்டப்படி எந்த ஆண்டு தொடங்கியது, கொடியின் மூன்று நிறங்கள் எவை என்ற வினாக்களை மாணவர்கள் வினா வங்கியிலிருந்து உறக்கத்திலும் ஒப்பிப்பார்கள். 1962 போருக்குப் பின் 1963இல் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சி 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது ஏன் என்று கேட்டால், யோசித்து எழுதியவர் தெரிவார். கடற்கரைத் தூய்மை, மரம் நடுதல் போன்ற சமூகப் பணிகளுக்கு, கலந்துகொண்டதற்கான படத்தை ஏற்காமல் ஒரு பக்க அறிக்கை கேளுங்கள். நட்ட கன்றுகளில் மூன்று மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

விதிவிலக்குகளை முன்பே எழுதுங்கள்

குடியரசு நாள் முகாமுக்குத் தேர்வாகும் மாணவர், தேர்வு முகாம்கள் தொடங்கி டில்லி போய்த் திரும்பும் வரை ஒரு பருவத்தின் பெரும்பகுதியைக் கல்லூரிக்கு வெளியே கழிக்கிறார். மற்றப் பாடங்களில் அவருக்கு ஏற்படும் இழப்பை என்.சி.சி. மதிப்பெண்ணால் ஈடுகட்ட முயலக் கூடாது. அந்தந்தத் துறை மறுதேர்வு வைக்க வேண்டும், அதற்கான ஆணையைப் பருவத் தொடக்கத்திலேயே முதல்வரிடம் வாங்கிவிட வேண்டும். கால் பிசகியவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், மாதவிடாய் நாளில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர் ஆகியோருக்கு மாற்று நாள் உண்டு என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்தால், கேட்கத் தயங்குபவர்கள் மயங்கி விழும்வரை நிற்பார்கள். பாடத்தைப் பாதியில் விட்டவருக்கு முடித்த பருவங்களின் கிரெடிட் நிற்குமா என்பதையும் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சங்கடம், விருப்பப் பாடம் என்று பெயர் இருந்தும் விரும்பியவர் எல்லாரும் சேர முடியாதது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள், உடல்தகுதி பார்த்துத்தான் படையில் சேர்க்கிறார்கள். பாடத்தை மதிப்பிடும் குழு ஆண்டுதோறும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மூன்றாம் ஆண்டு வரை நிலைத்தார்கள் என்ற மூன்று எண்களையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் நின்றுவிட்டால், மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன் சனிக்கிழமையில் வேறு துறைகளின் சிறப்பு வகுப்புகள் மோதுகின்றனவா என்று கால அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள்.

மதிப்பெண்ணைத் தேர்வுத் துறைக்கு அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பு, கடைசிப் பரேடு முடிந்து சிற்றுண்டிப் பொட்டலம் கொடுக்கும் நேரத்தில், ஒவ்வொரு மாணவருக்கும் அவருடைய தாளைக் காட்டுங்கள்: தேதி, பார்த்தவர் பெயர், பார்த்தது என்ன, மதிப்பெண். "ஏன் சார் எனக்கு ஏழு?" என்று கேட்பவரிடம் இலக்குத் தாளையோ முழங்கை பற்றிய குறிப்பையோ எடுத்து நீட்டலாம். நியாயமான ஆட்சேபம் என்றால் அங்கேயே திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளின் நகலைப் பட்டாலியன் கோப்பில் அல்லாமல் கல்லூரித் தேர்வுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.